ஒளிரும் பாதையும் அயாக்குச்சோ உழவரும்

1980 மே 17 அன்று பெருவின் சுஸ்சி ஊரில் வாக்குப்பெட்டிகளை எரித்துப் போர் தொடங்கிய ‘ஒளிரும் பாதை’ இயக்கம் வறிய உழவரின் பெயரால் பேசியது. அதன் தலைவர் அபிமாயேல் குஸ்மானோ பல்கலைக்கழக மெய்யியல் ஆசிரியர். கால்நடைத் திருடரைத் தண்டித்ததால் கிச்சுவா மொழி பேசும் உழவர் பலர் தொடக்கத்தில் இயக்கத்தை ஏற்றனர். அவ்வாதரவு அச்சத்தின் விளைவு மட்டுமன்று. நகரங்களைப் பட்டினியிட வாரச்சந்தைகளை இயக்கம் மூடியபோது, அவற்றை நம்பி வாழ்ந்த குடிகள் விலகத் தொடங்கினர். எதிர்த்து நின்ற லுக்கானமார்க்கா பகுதியில் 1983 ஏப்ரல் 3 அன்று குழந்தைகள் உட்பட 69 பேர் கொல்லப்பட்டனர்.

2003இல் வெளிவந்த உண்மை, நல்லிணக்க ஆணைய அறிக்கை, தன்னிடம் பதிவான உயிரிழப்புகளில் 54 விழுக்காட்டுக்கு இவ்வியக்கமே பொறுப்பு என்கிறது. மாண்டோரில் நால்வருள் மூவர் கிச்சுவா முதலிய தொல்குடி மொழியினர். அரசுப் படைகளின் கொடுமையும் இம்மக்கள் மீதே விழுந்தது. அதனால் இயக்கத்தின் பிரதிநிதித்துவ உரிமை மெய்யாகிவிடாது. பின்னர் ஊர்க்காவல் குழுக்களாகத் திரண்டு அதனை எதிர்த்தோரும் அவ்வுழவரே.