கிரெண்டைசர்: பெய்ரூத்தில் அரபு பேசக் கற்ற ஜப்பான் ரோபோ

2022 இறுதியில் ரியாதில் வேலை செய்யும் நம்மவர்கள் அனுப்பிய படங்களில் ஒன்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ரியாத் சீசன் பூங்காவில் இரண்டு கொம்போடு நிற்கும் இராட்சத ரோபோ. உயரம் 33 மீற்றருக்கும் மேல், கின்னஸ் சாதனை வேறு. "இது டிரான்ஸ்ஃபோமரா சேர்?" என்று எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். இல்லை பிள்ளைகளே, இது கிரெண்டைசர். உங்கள் வாப்பாமார் காலத்து ஆள்.

பிறந்த இடம் ஜப்பான். வரைகதைக் கலைஞர் கோ நகாயின் படைப்பு, டோயி நிறுவனத்தின் தயாரிப்பு. 1975 ஒக்டோபர் முதல் 1977 பெப்ரவரி வரை 74 பகுதிகள். ஜப்பானில் அதற்கு முன்பே வந்த மசிங்கர் ரோபோக்கள்தான் பெரிய பெயர் எடுத்தன. இது மூன்றாவது பிள்ளை. வெளியூரில்தான் அதற்கு யோகம் அடித்தது. 1978இல் பிரான்சில் 'கோல்டோராக்' என்ற பெயரில் ஓடி ஒரு தலைமுறையையே பிடித்துக்கொண்டது. இத்தாலியிலும் அப்படித்தான்.

அரபு உலகுக்கு அது வந்த கதைதான் நாங்கள் சொல்ல நினைத்தது.

லெபனானின் உள்நாட்டு யுத்தம் 1975 ஏப்ரலில் தொடங்கியது. நகரம் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்த நாட்டில்தான், எழுபதுகளின் கடைசியில், நிக்கோலா அபூ சமஹ்வின் ஒலிப்பதிவு நிறுவனம் இந்தத் தொடரை அரபுக்கு மாற்றியது. கதாநாயகன் டியூக் ஃபிலீடுக்குக் குரல் கொடுத்தவர் ஜிஹாத் அல் அத்ரஷ். ஆரம்பப் பாடலைப் பாடியவர் சாமி கிளார்க். நாற்பது வருடங்களுக்குப் பிறகும் மேடை ஏறினால் அந்தப் பாட்டைத்தான் கேட்பார்களாம். அவர் 2022 பெப்ரவரியில் காலமானார். ரியாதில் சிலை எழும்பியது அதே வருடக் கடைசியில்.

அவர்கள் பெய்ரூத் தெருவின் அரபைப் பயன்படுத்தவில்லை, ஃபுஸ்ஹாவைப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இதில் வியாபாரக் கணக்கும் உண்டு. லெபனான் பேச்சில் செய்தால் மொரோக்கோக்காரனுக்குப் புரியாது, ஃபுஸ்ஹாவில் செய்தால் எல்லா நாட்டுக்கும் விற்கலாம். ஆனால் அதன் விளைவு வியாபாரத்தை விடப் பெரியது. வீட்டில் அம்மிய்யா பேசி, பாடசாலையில் இலக்கண அரபோடு மல்லுக்கட்டிய ஒரு பிள்ளைக்கு அந்த இலக்கண அரபிலேயே ஒரு வீரன் கோபப்பட்டான், சிரித்தான், ஆயுதத்தின் பெயரை உரக்கச் சொல்லி ஏவினான். குவைத்தில் 1979இல் தொடங்கிய 'இஃப்தஹ் யா சிம்சிம்' நிகழ்ச்சியும் இதே வழியில்தான் போனது. இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் அரபிகள் பலர், ஃபுஸ்ஹா தங்களுக்கு ருசித்தது கார்ட்டூனில்தான் என்று சொல்வார்கள்.

எங்களுக்கும் அது பொருந்தும். வாப்பா சவூதியிலிருந்து லீவில் வரும்போது டெக்கும் நாலைந்து கசற்றும் வரும். மத்ரஸாவில் நஹ்வுப் பாடத்தில் சாட்டைக் கம்புக்குப் பயந்து மனனமிட்ட சொற்களை ஒருவர் சாதாரணமாக வாய்விட்டுப் பேசுவதை நாங்கள் முதலில் கேட்டது அதில்தான். அரபு கிதாபுக்கு மட்டும் உரிய மொழியல்ல என்பது அன்றுதான் விளங்கியது.

உள்ளூரில் இதே வேலையைச் சிங்களத்துக்குச் செய்தவர் டைட்டஸ் தொடவத்த. ரூபவாஹினியில் அவர் மொழிமாற்றிய 'தொஸ்தர ஹொந்த ஹித', 'ஹா ஹா ஹரி ஹாவா' பார்த்துத்தான் எங்களில் பலர் சிங்களம் பிடித்தோம். தமிழில் எங்கள் பேச்சில் அப்படி எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பின்னால் சுட்டி டிவி வந்தது, டோரா வந்தாள். இன்று தரம் 4 பிள்ளை "என்ன பண்றீங்க மிஸ்" என்று கேட்கிறது. அது பிள்ளையின் பிழையல்ல. கார்ட்டூன் எந்தத் தமிழில் வருகிறதோ, பிள்ளையும் அந்தத் தமிழில்தான் கதைக்கும்.

இனி கதைக்கு வருவோம். வேகா படை ஃபிலீட் என்ற கிரகத்தை அழித்துவிடுகிறது. இளவரசன் டியூக் ஃபிலீட் கிரெண்டைசரோடு தப்பி பூமிக்கு வருகிறான். விஞ்ஞானி ஒருவர் அவனைத் தன் மகனாக ஏற்று வேறு பெயர் வைக்கிறார். பகலில் பண்ணையில் மாடு, குதிரை பார்க்கிறான். அவன் யார் என்று பக்கத்து வீட்டாருக்குத் தெரியாது. பழைய ஊரை நினைத்து இரவில் தனியே இருப்பான். சண்டைக் காட்சிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான், உண்மையைச் சொன்னால் அலுப்பு. மனதில் நின்றது இந்த அகதி வாழ்க்கை.

குண்டுச் சத்தத்துக்கு நடுவே பார்த்த பெய்ரூத் பிள்ளைகளுக்கும், ஊர் இழந்த பலஸ்தீனப் பிள்ளைகளுக்கும் இதை யாரும் விளக்கவேண்டி இருந்திருக்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த எங்களுக்கும் அப்படித்தான். உம்மா கசற்றைப் பார்க்கமாட்டார், ஆனால் ஒருமுறை கேட்டார்: "அந்தப் பொடியனுக்கு ஊருக்குப் போக ஏலாதாமா?"

கடைசிப் பகுதியில் போகிறான். ஃபிலீட் கிரகம் மீண்டும் உயிர் பெற்றுவிட்டதென்று அறிந்து, தங்கை மரியாவோடு புறப்படுகிறான். வளர்த்த தகப்பன், பண்ணைக்காரர்கள், நண்பர்கள் எல்லாரையும் விட்டுவிட்டு. இதை நாங்கள் பார்த்தது இணையம் வந்த பிறகுதான். வாப்பா கொண்டுவந்த கசற்றுகளில் 74ஆவது பகுதி இருக்கவில்லை. போய் இறங்கியபின் அங்கே என்ன நடந்தது, வீடு இருந்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைத் தொடர் காட்டவில்லை.

உங்களில் யார் வீட்டிலாவது அந்த அரபுக் கசற் இன்னும் இருக்கிறதா? பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.