நெய்யாற்றின்கரைப் பேராலயமும் எல்லைக்கோடுகளும்

ஆயரின் இருக்கை அமைந்த கோவிலே பேராலயம் எனப்படும். நெய்யாற்றின்கரை அமல உற்பவ மாதா கோவில், 1996 ஜூன் 14இல் திருவனந்தபுரத்தினின்று புதிய இலத்தீன் மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது அத்தகுதியை எய்தியது. அம்மறைமாவட்டத்தின் தெற்கெல்லையோ மிகப் பழையது. 1930இல் கொல்லம் மறைமாவட்டத்தினின்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ்த் தாலுகாக்கள் பிரிக்கப்பட்டுக் கோட்டாறு மறைமாவட்டம் உருவாயிற்று. பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா அதில் சேரவில்லை.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கோரியது. ஆயினும் 1956 நவம்பர் 1இல் அந்நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியுமே சென்னை மாநிலத்தோடு இணைந்தன. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. இவ்வகையில் திருச்சபையின் எல்லை அரசின் எல்லைக்கு 26 ஆண்டுகள் முந்தியது.

சீரோ மலங்கரைத் திருச்சபையில் இம்முறை மாறியது. எல்லையின் இருபுறத்து மக்களும் 1956க்குப் பின்னரும் 40 ஆண்டுகள் திருவனந்தபுரத்தின் கீழேயே இருந்தனர். 1996 டிசம்பரில் மார்த்தாண்டமும், 2017இல் பாறசாலையும் தனி மறைமாவட்டங்களாயின.

எனவே எல்லைப்புறக் கிறித்தவத் தமிழரின் வரலாற்றை மாநில எல்லைக்குள் அடக்குதல் பொருந்தாது. 1930க்கு முற்பட்ட விளவங்கோட்டு இலத்தீன் கத்தோலிக்கரை ஆராய்வோர் கொல்லத்தையும், 1996க்கு முற்பட்ட மார்த்தாண்டம் மலங்கரைக் கத்தோலிக்கரை ஆராய்வோர் திருவனந்தபுரத்தையும் நாடுதல் வேண்டும்.