ஆய்வுக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு ஒரு பழைய கதை

பெண்கள் உளவியல் தாளுக்கு ஆய்வு முன்மொழிவு எழுதச் சொன்னால், எல்லோரும் முதலில் எழுதிக்கொண்டு வருவது ஒரே மாதிரிதான் இருக்கும். "பெண்களும் மன அழுத்தமும்", "வேலைக்குப் போகும் பெண்களின் பிரச்சினைகள்"... இவை தலைப்புகளே இல்லை. பாடப்புத்தகத்தின் அத்தியாயங்கள்! அப்படியானால் எதுதான் தலைப்பு? நூறு வருடங்களுக்கு முன் ஒரு மாணவி தன் ஆய்வுக்குத் தலைப்பு எடுத்த கதையைப் பார்த்தால் இது புரியும்.

அவர் பெயர் லீட்டா ஹாலிங்வொர்த். 1886ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தவர். பட்டம் வாங்கிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1908ல் திருமணமாகி நியூயார்க் போனார். அங்கேதான் சிக்கல். கல்யாணமான பெண்களுக்கு அந்த நகரப் பள்ளிகளில் ஆசிரியை வேலை கிடையாது! படிப்பும் அனுபவமும் இருந்தும் சமையல், தையல் என்று வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. 1911ல் அவர் கணவர் ஹாரிக்கு கோகோ கோலா நிறுவனத்துக்காக காஃபீனைப் பற்றி ஆராயும் வேலை வந்தது. லீட்டாவும் அதில் சேர்ந்து உழைத்தார். அந்தப் பணத்தில்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு.

அந்தக் காலத்து அறிஞர்கள் இரண்டு விஷயங்களை உறுதியாக நம்பினார்கள்.

முதலாவது, மாதவிடாய் நாட்களில் பெண்ணின் மூளையும் கையும் ஒழுங்காக வேலை செய்யாது என்பது. எட்வர்ட் கிளார்க் என்ற பாஸ்டன் மருத்துவர், ஆண்களைப் போலப் படித்தால் பெண்களின் உடல்நலமே கெட்டுவிடும் என்று 1873ல் ஒரு புத்தகமே போட்டிருந்தார்.

இரண்டாவது, ஆண்களிடம்தான் வேறுபாடு அதிகம் என்பது. அதாவது மேதைகளும் ஆண்கள்தான், மந்தபுத்திக்காரர்களும் ஆண்கள்தான், பெண்கள் எல்லோரும் நடுவில். அப்படியிருக்க அவர்களுக்கு எதற்கு உயர்கல்வி என்பது வாதம். இதை நம்பியவர்களில் புகழ்பெற்ற உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக்கும் ஒருவர். அவர்தான் லீட்டாவின் நெறியாளர்!

நாமாக இருந்தால் நெறியாளருக்குப் பிடித்த தலைப்பாகப் பார்த்து எடுத்திருப்போம். லீட்டா இந்த இரண்டு நம்பிக்கைகளையுமே எடுத்துக்கொண்டார். ஆனால் "பெண்களை இழிவாகப் பேசுகிறார்கள்" என்று கட்டுரை எழுதவில்லை. உண்மையா என்று அளந்து பார்த்தார்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு 23 பெண்கள், ஒப்பிட்டுப் பார்க்க 2 ஆண்கள். விரலால் தட்டும் வேகம், கை நடுங்காமல் இருப்பது, நிறங்களின் பெயரைச் சொல்வது, எதிர்ச்சொல் சொல்வது, தட்டச்சு பழகுவது என்று நாள்கணக்கில் சோதனைகள். மாதவிடாய் நாட்களில் திறமை குறைவதாக ஒன்றுமே தெரியவில்லை. 1914ல் இது அச்சானது.

அதே ஆண்டு ஹெலன் மாண்டேக்குடன் சேர்ந்து, நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் பிறந்த 1000 ஆண் குழந்தைகள், 1000 பெண் குழந்தைகளின் உடல் அளவுகளை ஒப்பிட்டார். ஆண் குழந்தைகளிடம் வேறுபாடு அதிகம் என்று காட்ட அதிலும் எதுவும் இல்லை.

அப்படியானால் மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று பரிசோதனைக்கு வருபவர்களில் ஆண்கள் ஏன் அதிகம்? லீட்டா அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் வேலை பார்த்தார். பதிவுகளில் வயதைக் கவனித்தார். ஆண்களைச் சிறுவயதிலேயே கொண்டுவந்துவிடுகிறார்கள், பெண்கள் வயதான பிறகுதான் வருகிறார்கள். காரணம் எளிமையானது. வெளியே போய்ச் சம்பாதிக்க வேண்டிய பையனின் குறை சீக்கிரம் தெரிந்துவிடும். வீட்டுவேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணின் குறை யார் கண்ணிலும் படாது. இயற்கை என்று சொல்லப்பட்டது உண்மையில் சமூக ஏற்பாடு!

1916ல் லீட்டாவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. தார்ண்டைக் ஆய்வை ஏற்றுக்கொண்டார். லீட்டாவுக்கு அங்கேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1968ல் மாடினா ஹார்னர் என்ற மாணவி, மருத்துவக் கல்லூரியில் முதலிடம் வரும் "ஆன்" என்ற பெண்ணைப் பற்றிக் கதை எழுதச் சொன்னார். 90 மாணவிகளில் சுமார் 65 சதவீதம் பேர் ஆனுக்கு ஏதோ கெட்டது நடப்பதாக எழுதினார்கள். மாணவர்களுக்கு "ஜான்" பற்றிய கதை. அதில் அப்படி எழுதியவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. பெண்களுக்கு "வெற்றி பயம்" இருக்கிறது என்று இது பிரபலமானது. ஆனால் 1974ல் வெளிவந்த வேறு ஓர் ஆய்வில் பையன்களிடமும் ஆனைப் பற்றி எழுதச் சொன்னபோது அவர்களும் கெட்ட முடிவைத்தான் எழுதினார்கள். அப்படியானால் அளந்தது பெண்ணின் மனதையா, பெண்ணைப் பற்றிய ஊரின் நினைப்பையா?

ஆகவே நண்பர்களே, பெரிய விஷயமாகத் தேடாதீர்கள். "பெண்களுக்குக் கணக்கு வராது", "பெண்களுக்கு வழி தெரியாது" என்று தினமும் காதில் விழும் ஒரு வாக்கியத்தை எடுங்கள். அதை ஒரே பருவத்தில், கையில் உள்ள ஆட்களை வைத்து அளக்க முடியுமா என்று பாருங்கள். நீங்கள் அளக்கப்போவது பெண்களையா, பெண்களைப் பற்றிய நினைப்பையா என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். முடிவு நாம் விரும்பியபடி வராமலும் போகலாம். அதற்கும் தயாராக இருந்தால் தலைப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

நீங்கள் எந்த வாக்கியத்தை எடுக்கப்போகிறீர்கள்?