பச்சீனா முனை வரை ஒரு நடை

வன்கூவரில் வசிக்கும் என் தங்கையின் மகன், கடந்த பயணத்தின்போது முதுகுப்பை ஒன்றைத் தூக்கி என் முன் வைத்தான். "ஒருக்கா நடந்து பாருங்கோ மாமா, மனிசற்றை காலடி படாத கரை" என்றான்.

அவன் குறிப்பிட்டது வன்கூவர் தீவின் தென்மேற்குக் கரையோரமாக 75 கிலோமீற்றர் நீளும் வெஸ்ற் கோஸ்ற் ரெயில் என்னும் நடைபாதையை. உணவையும் கூடாரத்தையும் முதுகிற் சுமந்து, சேற்றிற் புதைந்து, செங்குத்தான மர ஏணிகளில் ஏறியிறங்கி, ஆறுகளைக் கம்பியில் தொங்கும் தொட்டில்களிற் கடந்து, ஒரு வாரமளவில் நடந்து முடிப்பர். மே முதல் செப்ரெம்பர் வரையே அனுமதி. இத்துன்பத்தைக் காசு கொடுத்து வாங்க ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் முன்பதிவு செய்கின்றனர்.

காலடி படாத கரை என்பது மட்டும் பிழை. ஹூ-அய்-ஆட், டிடிடாட், பசீடாட் ஆகிய முதற்குடி மக்கள் வள்ளங்களிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் தொன்றுதொட்டுப் புழங்கிவந்த கரை அது. விளம்பர ஏடுகள் ஓரிடத்தைக் கன்னிநிலம் என்று எழுதும்போதெல்லாம் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று கேட்பது என் தொழிற் பழக்கம்.

இன்று உல்லாசப் பாதையாக இருப்பது மரணங்களின் விளைவாகப் பிறந்தது. ஜுவான் டி ஃபூக்கா நீரிணையின் வாயிலை அண்டிய இக்கடற்பரப்பில் மூழ்கிய கப்பல்கள் பல. பசுபிக்கின் மயானம் என்று மாலுமிகள் பெயரிட்டனர். 1906 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சியாட்டில் நோக்கிப் புறப்பட்ட வலென்சியா என்ற பயணிகள் கப்பல், மோசமான காலநிலையில் நீரிணையின் வாயிலைத் தவறவிட்டு வடக்கே இழுபட்டு, 22ஆந் திகதி நள்ளிரவுக்குச் சற்று முன் பச்சீனா முனைக்கு அருகில் பாறையில் மோதியது.

கரை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆயினும் அக்கரை செங்குத்துப் பாறை. இருளில் அவசரமாக இறக்கிய படகுகள் கவிழ்ந்தன. எஞ்சியோர் பாய்மரக் கயிறுகளைப் பற்றிக்கொண்டு ஒன்றரை நாளுக்கு மேலாகக் காத்திருந்தனர். உதவிக்கு வந்த கப்பல்களால் அலைகளை மீறி நெருங்க இயலவில்லை. கப்பலிலிருந்து பாறையுச்சிக்குக் கயிறொன்றை வெடித்து எறிந்தார்கள்; அதைப் பிடித்துக் கட்ட அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

கரையேறிய சிலர், தந்திக் கம்பி சென்ற காட்டுத் தடத்தைக் கண்டுபிடித்துச் செய்தி அனுப்பினர். 24ஆந் திகதி தரைவழியே உச்சியை அடைந்த மீட்பாளர் கப்பல் சிதைவதைப் பார்த்து நிற்கவே முடிந்தது. அமெரிக்க அரசின் விசாரணை 136 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. தப்பியவர்கள் 37 ஆண்கள். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்தானும் மீளவில்லை.

இதன் பின்னரே 1907 முதல் அந்தத் தந்தித் தடம் உயிர்காக்கும் பாதையாக விரிவாக்கப்பட்டது. கரையொதுங்குவோர் தங்கவும் செய்தி சொல்லவும் இடையிடையே குடில்கள் அமைந்தன. பச்சீனா முனைக் கலங்கரை விளக்கம் 1908இல் ஒளியேற்றப்பட்டது. பிற்காலத்தில் கடற்பயணம் பாதுகாப்பானதும் பாதையைக் காடு மூடியது. 1970இல் தேசியப் பூங்கா உருவான பின்பே அது நடைபயணிகளுக்காக மீண்டும் திருத்தப்பட்டது.

என் முழங்கால்கள் கலங்கரை விளக்கம் வரையுள்ள 10 கிலோமீற்றருக்கே இசைந்தன. பாதையின் இலகுவான பகுதி அதுதான் என்று பின்னர் அறிந்து சற்று வெட்கப்பட்டேன். மருமகனும் நண்பர்களும் தெற்கே நடந்தனர். நான் கடலைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தேன்.

2009 ஒக்டோபரில் ஓஷன் லேடி 76 பேருடனும், 2010 ஓகஸ்ட் 13ஆந் திகதி சன் சீ 492 பேருடனும் இந்தத் தீவின் தென்முனைத் துறைகளுக்குக் கனேடிய அதிகாரிகளாற் கொண்டுவரப்பட்டன. அவர்கள் ஈழத்தமிழர். சன் சீயில் பெண்களும் 49 சிறுவர்களும் இருந்தனர். வலென்சியா தவறவிட்ட அதே நீரிணை வாயிலின் ஊடாகவே அவர்கள் உள்ளே வந்தார்கள். கரை தொட்டதும் அவர்களுக்குக் கிடைத்தது தடுப்புக்காவல்; பலருக்கு அது மாதக்கணக்கில் நீண்டது. அந்தச் செய்தியை அன்று கொழும்பிலிருந்து எழுதியபோது, வரைபடத்தில் இந்தக் கரை எனக்கு வெறும் ஒரு கோடு.

நான்கு நாள்களின் பின் மருமகன் கொப்புளம் வெடித்த கால்களோடு வந்து சேர்ந்தான். சன் சீ கரைசேர்ந்தபோது தனக்குப் பதினொரு வயது என்றும், வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன் இருந்தது நினைவிருக்கிறது என்றும் சொன்னான். அந்தக் கப்பல் எந்தப் பக்கமாக வந்தது என்று கேட்டான். வரைபடத்தை விரித்துக் காட்டினேன்.