கச்சையும் ஈர்க்கும்

வரலாறு என்றவுடன் முடியும் வாளும் கோட்டையுமே நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. மன்னாரின் வரலாற்றைக் கேட்டால், 1560இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என்று தடங்கலின்றி ஒப்புவிப்பார்கள். அக்காலத்தில் எவர் எதை உடுத்தினர், அதை எவர் இழைத்தனர், எவர் விலை பேசினர் என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். துணிக்குள் வைத்துத் தைக்கும் ஒரு குச்சிக்கும் வரலாறு உண்டு என்பதை, மன்னார்த் தீவில் நாம் கற்பிக்கும் பள்ளியின் நாடகமொன்று நமக்கு உணர்த்தியது.

நாடகம் 1906ஆம் ஆண்டின் மரிச்சுக்கட்டி முத்துக் குளிப்பைப் பற்றியது. அவ்வாண்டில் நம் கடலின் முத்துப் படுகைகள் 20 ஆண்டுக் குத்தகையாக ஆங்கிலக் கொம்பனியொன்றின் கைக்கு மாறின. சில ஆண்டுகளிலேயே சிப்பி வளம் குன்றியது, கொம்பனியும் முறிந்தது. நாடகத்தில் வெள்ளை அதிகாரியின் மனைவி ஒருத்தி வருகிறாள். அக்காலச் சீமாட்டி கோர்செட் எனப்படும் இறுகிய கச்சையின்றி மேடையேற முடியாது. அதை நிமிர்த்தி வைக்கும் குச்சிகளுக்கு எங்கே போவது?

அக்குச்சிகளை ஐரோப்பிய வாணிகர் 'திமிங்கில எலும்பு' என்றனர். உண்மையில் அது எலும்பன்று. பல்லில்லாத திமிங்கிலங்களின் மேல்வாயிலிருந்து தொங்கி, கடல்நீரை வடித்துச் சிற்றுயிர்களை இரையாக்க உதவும் தகடு அது. நமது நகமும் ஆட்டின் கொம்பும் எப்பொருளால் ஆனவையோ, அப்பொருளாலேயே ஆனது. சூடேற்றினால் வளையும், ஆறினால் வளைத்த வடிவிலேயே நிற்கும், மெல்லிய கீற்றாகப் பிளந்தாலும் முறியாது. இக்குணங்களுக்காகவே பல நூற்றாண்டுகள் திமிங்கிலங்கள் வேட்டையாடப்பட்டன. 1859இல் அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டபின் மண்ணெண்ணெய் விளக்குகள் பெருகின; திமிங்கில எண்ணெயின் தேவை குறைந்தது. ஆயினும் அவ்வுயிர் பிழைக்கவில்லை. கச்சைக்கான தகட்டின் விலையே வேட்டைக் கப்பல்களைத் தொடர்ந்து வடதுருவக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

திமிங்கிலம் அருக அருகத் தகட்டின் விலை ஏறிற்று. ஏழைப் பெண்கள் பலர் அதை வாங்கியதில்லை. பிரம்பும் நாணலும் தடித்த தோலும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. இப்போது முதலாளிகளும் மலிவுப் பொருளைத் தேடத் தொடங்கினர். 1883இல் மிச்சிக்கன் மாநிலத்தில் எட்வர்ட் வாரன் என்பவர், இறகுத் துடைப்பத் தொழிற்சாலையில் கழித்தெறியப்பட்ட வான்கோழி இறகின் தண்டுகளைச் சேர்த்துக் கச்சைக்கு 'எலும்பு' செய்தார். வார்னர் சகோதரர்களின் நிறுவனம் மெக்சிக்கோவின் கற்றாழை நாரை முறுக்கிக் 'கோரலைன்' என்னும் பெயரில் கச்சைகளை விற்றது. பின்னர் உருக்குக் கம்பி இவற்றையெல்லாம் ஓரங்கட்டியது.

இவற்றைக் கண்டுபிடிப்பாளரின் கூர்மதி என்று நூல்கள் புகழும். அக்கூர்மதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் மலிவு என்ற சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். மெக்சிக்கோவின் வறண்ட நிலத்தில் முள் நிறைந்த மடலைக் கையாற் சுரண்டி நார் எடுத்தவர்கள் அந்நாட்டு உழவர்கள். அவர்களுடைய உழைப்புக்கு மதிப்புக் குறைவு என்பதாலன்றோ நாரும் மலிவாயிற்று?

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பனந்தும்பு கப்பலேறியது. மட்டையின் அடிப்பாகத்தை அடித்துச் சீவி எடுத்த அத்தும்பு ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் தூரிகையாகவும் தெருக்கூட்டும் துடைப்பமாகவும் உருமாறியது. கற்றாழை நார் சீமாட்டியின் இடைக்குப் போயிற்று. பனந்தும்பு அவள் நடந்த தெருவுக்குப் போயிற்று. இரண்டையும் சீவிய கைகள் ஒரே இனத்தவை. அவை உழைக்கும் கைகள்.

உடை என்பது வெறும் துணியன்று என்பதற்கு மன்னார்க் குடாவின் மறுகரையும் சான்று. ஐரோப்பாவில் செல்வப் பெண்ணின் உடலை எலும்பால் இறுக்கிய அதே நூற்றாண்டில், தென் திருவிதாங்கூரில் பனையேறும் நாடார் குலப் பெண்களுக்குத் தோளில் சீலையிடும் உரிமைகூட இருக்கவில்லை. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின்னரே, 1859இல் மேலாடை அணிய அரச அனுமதி கிடைத்தது. அப்போதும் மேற்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தலாகாது என்ற தடை நீடித்தது.

மீண்டும் நாடகத்திற்கு வருவோம். பொருட்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டிகளைக் கொழும்பிலிருந்து வருவிக்கலாம் என்றார் சக ஆசிரியர் ஒருவர். இன்று கச்சை தைப்போர் பலர் அவற்றையே கையாளுகின்றனர். நம் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி, "ஈர்க்கு வைத்துப் பார்க்கலாமா, ரீச்சர்?" என்றாள். அவளுடைய தாய் பனையோலைப் பெட்டி இழைத்து விற்பவர். பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தை வெறுமையாக விட்ட பிள்ளை அவள்.

முதல் ஒத்திகையில் ஈர்க்கு முறிந்து நடிகையின் விலாவைக் குத்தியது. அன்று மாலையே அத்தாய் பள்ளிக்கு வந்தார். காய்ந்து விழுந்த ஓலையின் ஈர்க்கு உதவாது. முற்றிய பச்சோலையில் வார்ந்து நிழலில் உலர்த்த வேண்டும் என்றார். ஓர் ஈர்க்குத் தனியே முறியும். நான்கை அடியும் நுனியும் மாற்றி வைத்துக் கட்டினால் வளைந்து நிமிரும். முனைகளைத் துணியால் சுற்ற வேண்டும். பாளத்துணி இரண்டை மடித்து, ஈர்க்குக் கட்டு நுழையும் அளவுக்குக் குழல்போல் நெருங்கத் தைக்க வேண்டும். பல ஈர்க்குகளைச் சேர்த்து முறுக்கி வலுவூட்டும் இந்தத் தத்துவமே வார்னர் சகோதரருக்குச் செல்வம் தந்தது. இதைப் பயின்ற நம் பெண்களுக்கோ ஒரு பெட்டிக்குச் சந்தையில் பேரம் பேசியபின் மிஞ்சும் காசுதான் பலன்.

1850இல் வில்லியம் பெர்குசன் இலங்கைப் பனையைப் பற்றி எழுதிய நூலில், பனைக்கு 801 பயன்களைக் கூறும் 'தாலவிலாசம்' என்ற தமிழ் நூலைச் சுட்டினார். பயன்களை எண்ணியவர் உண்டு. பயன்படுத்தத் தெரிந்தவர்களை யார் எண்ணினர்? போர்க்காலத்தில் காவலரண்களுக்காக வடக்கெங்கும் பனைகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களோடு மன்னாரின் கைகள் பலவும் புத்தளத்து முகாம்களுக்குச் சென்றன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது நல்ல காரியமே. ஆயினும் கைவினைஞரைக் கல்வியுள்ளவராக மதிக்கும் மனம் சட்டத்தால் மட்டும் வந்துவிடாது. அது வகுப்பறையில் தொடங்க வேண்டும்.

கச்சை தைத்து முடிந்ததும் அத்தாய் அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைக் கட்டிக்கொண்டு அந்த அம்மா எப்பிடிக் கிணத்தில தண்ணி அள்ளினவ?" என்று கேட்டார். மாணவியர் சிரித்தனர். அந்த அம்மா தண்ணீர் அள்ளவில்லை. அள்ளுவதற்கு வேறு பெண்கள் இருந்தனர். நூறு பக்கப் பாடநூல் சொல்லாத வரலாற்றை அவருடைய ஒரு கேள்வி சொல்லிவிட்டது.

அடுத்த தவணையில் அம்மாணவி படிவத்தை நிரப்பித் தந்தாள். தாயின் தொழில்: பனையோலைக் கைவினை. எழுத்துகள் சற்றுப் பெரிதாகவே இருந்தன.