பழைய தளவாடம் வாங்குவோர் கவனத்திற்கு

தோட்டத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபோகும் குடும்பங்களுக்கு, முடா, கரோசல் போன்ற இணைய விளம்பரத் தளங்களில் கட்டில், அலமாரி, மேசை மலிவாகக் கிடைக்கின்றன.

வாங்குமுன் வீட்டுக் கதவு, மின்தூக்கி, மாடிப்படியின் அகலத்தை அளந்துகொள்ள வேண்டும். லோரி வாடகையையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ரப்பர் மரத்தாலான மேசையைக் கழற்றிப் பூட்டலாம். மரத்தூள் பலகை அலமாரியைக் கழற்றிப் பூட்டினால் திருகாணிப் பிடிமானம் தளரும்; ஈரம் பட்டால் பலகை உப்பும். மெத்தைத் தையலோரத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கலாம். மரத்தில் சிறு துளைகளும் மாவும் தெரிந்தால் வண்டு அரிப்பு. இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

பொருளை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பக்கூடாது. மலேசியாவில் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்மீது புகார் உள்ளதா என்பதைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் பார்க்கலாம். ஏமாந்தது தெரிந்தால் உடனே 997 எண்ணை அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்கு மாறிவிட்டால் மீட்பது கடினம்.