நைனாவின் அம்பாசிடரும் மூன்றாவது இன்ஜினும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல் அடுப்பில் ஏறுகிற நேரத்தில் ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான்.

"அண்ணா, வண்டி இன்ஜின் போயிடுச்சு. ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. பிளாக்லயே விரிசல்னு மெக்கானிக் சொல்றார். வேற இன்ஜின் வெக்கணும், இல்லேன்னா எடைக்குப் போடணும். என்ன பண்ணலாம் சொல்லு."

வண்டி என்று அவன் சொன்னது எங்கள் நைனா வாங்கிய அம்பாசிடர். 1977 மாடல், மார்க் 3. நைனா போய் ஆறு வருஷம் ஆகிறது. பங்காருபாளையத்து வீட்டு ஷெட்டில் அந்த வண்டி மட்டும் நிற்கிறது. துபாயில் ஒரு வங்கியில் உட்கார்ந்து ஊரார் வாங்கும் கார்களுக்கெல்லாம் கடன் கோப்பு பார்க்கிறவனுக்கு, சொந்த வீட்டு வண்டிக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "ஒரு வாரம் டைம் குடுடா" என்றேன். அந்த ஒரு வாரம் யோசித்ததில் கொஞ்சம் சரித்திரமும் கிளறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பி.காம். படித்தவன் எழுதும் மோட்டார் சரித்திரம், மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும் :-)

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் ரோட்டில், பலமனேருக்கு முன்னால் வருவது பங்காருபாளையம். மாம்பழ ஊர். சீசனில் மண்டி வாசலில் லாரி, டிராக்டர் வரிசை நிற்கும். 1953 வரை இதெல்லாம் சென்னை மாகாணம், பிறகு ஆந்திரா. வீட்டில் தமிழ், மண்டியில் தெலுங்கு, மெக்கானிக் பாயிடம் இரண்டும் கலந்து. நைனா அந்த அம்பாசிடரை செகண்ட் ஹேண்டில் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். மாங்காய் வியாபாரிகளை பெங்களூருக்கும் வேலூருக்கும், கல்யாண கோஷ்டிகளை திருப்பதிக்கும் காணிப்பாக்கத்துக்கும் கூட்டிப் போவார். எங்கள் வீட்டுச் சோறு அந்த நாலு சக்கரத்தில்தான் வந்தது.

1990ல் எனக்குப் பத்து வயசு. ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே விழுந்த குண்டு எங்கள் ஊர் பங்க்கில் விலைப் பலகையாக வந்து விழுந்தது. அதே சமயம் நைனா வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை. மொகிலி காட் ரோடு ஏறும்போது கோஷ்டியை இறக்கி நடக்கவிட்டுத்தான் மேலே போனது. பாய் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே இரண்டு தடவை ரீபோர் செய்தாகிவிட்டது, இனி தாங்காது என்றார்.

புது வண்டி வாங்கினால் என்ன என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். (என் பையன் கேட்டான்.) அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் நாட்டில் கார் வைத்திருந்தவர்கள் வண்டியை மாற்றியதைவிட இன்ஜினை மாற்றியதுதான் அதிகமோ என்று எனக்குத் தோன்றும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது, சென்னை மாகாணத்தில் பஸ்களின் பின்பக்கம் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். அப்படிப்பட்ட கேஸ் பிளான்ட் தயாரித்தது. "கரி பஸ்" என்று எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1950களில் சென்னை சிம்சன் கம்பெனி, பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. பெர்கின்ஸ் பி6 என்ற ஆறு சிலிண்டர் இன்ஜின், பழைய பெட்ரோல் லாரிகளிலும் பஸ்களிலும் மாற்றிப் பொருத்துவதற்குப் பேர் போனது. பாடி பழசு, இன்ஜின் புதுசு.

கார் விஷயத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். 1953 டாரிஃப் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு, இங்கே பாகங்கள் தயாரிக்காமல் வெறுமனே பூட்டி விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. மிச்சம் மூன்று பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்ட். லைசென்ஸ் கோட்டாவுக்கு மேல் ஒரு வண்டி கூடத் தயாரிக்க முடியாது. புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் மாருதி 800ல் ஆறு மாங்காய் வியாபாரிகளை ஏற்ற முடியுமா?

1957ல் வந்த அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் இந்தியப் பிறவி. கொஞ்ச காலத்திலேயே அதற்குள் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் வந்து உட்கார்ந்தது. பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ். வண்டியின் கிரில் மாறியது, பேர் மாறியது, இந்த இன்ஜின் மட்டும் பல காலம் மாறவில்லை. 1980 வாக்கில் அதே குடும்பத்தில் பிறந்த 1489 சி.சி. டீசல் இன்ஜினையும் அம்பாசிடரில் போட்டார்கள். இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் என்று சொல்லப்படுவது அதுதான். சக்தி வெறும் 37 குதிரை! ஆனாலும் வாடகை வண்டிக்காரர்கள் கொண்டாடினார்கள். பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பிளாக் அடிப்படை ஒன்று என்பதால், பழைய பெட்ரோல் அம்பாசிடரில் அந்த டீசல் இன்ஜினை அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார வைக்க முடிந்தது.

இப்போது நைனாவின் முன்னால் இருந்த வழிகளைப் பார்ப்போம்.

ஒன்று, அதே பெட்ரோல் இன்ஜின், பழையதாக வாங்கிப் போடுவது. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். மலிவு. வேலையும் ஒரே நாளில் முடியும்.

இரண்டு, பி.எம்.சி. டீசல். பழையது என்றாலும் விலை கூட. ஹீட்டர் பிளக், டீசல் பம்ப், நாசில், பெரிய பேட்டரி எல்லாம் சேர்த்து வாங்க வேண்டும்.

மூன்று, மேட்டடார் வேன் டீசல் இன்ஜின். அப்போது பலர் செய்தார்கள். இழுவை நன்றாக இருக்கும், ஆனால் கனம். முன்பக்க ஸ்பிரிங், மவுண்டிங், கியர்பாக்ஸ் இணைப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். பாய் நைனாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணே, இன்ஜின் விலைய மட்டும் கேக்காதீங்க. அத உக்கார வெக்கிற செலவு என்னன்னு கேளுங்க."

நைனா ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் நோட்டுப் புத்தகத்தில் அவர் போட்ட கணக்கைப் பார்த்தால், நான் இங்கே தினமும் பார்க்கும் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் பாதி வெட்கப்பட வேண்டும். பெட்ரோல் லிட்டர் 12 ரூபாய் என்று எழுதியிருக்கிறார். டீசல் அதில் பாதிக்கும் கீழேதான் இருந்தது, அவர் ஜாக்கிரதையாக 6 ரூபாய் என்றே வைத்துக்கொண்டார். பெட்ரோலில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர், டீசலில் 12. ஆக கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் ஆகிற இடத்தில் அரை ரூபாய். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் மிச்சம். தினம் சராசரி 80 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாச் செலவும் சேர்த்து டீசல் மாற்ற 24,000. வகுத்துப் பார்த்து, கீழே கோடு போட்டு, "300 நாள்" என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார்.

கணக்கு சரி, பணம்? ஒரு வங்கிக்குப் போனார். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். வண்டிக்குக் கடன் உண்டு, இன்ஜினுக்குக் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பதின்மூன்று வயது பழைய வண்டியின் மேல் எந்த மேனேஜர் கடன் கொடுப்பார்? இன்று அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், அதுதான் உறுத்துகிறது. வாசலில் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்த நைனாவிடம் அம்மா நாலு வளையலைக் கழற்றிக் கொடுத்தார். நகைக்கடை சேட்டிடம் போனது.

அப்படி வந்ததுதான் அந்த டீசல் இன்ஜின். 1989 ஜூலையில்தான் புது மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி. புக்கில் புது இன்ஜின் நம்பரும் எரிபொருளும் ஏற வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டியவர்கள் ஏராளம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான் என்று நைனா இரண்டு நாள் சித்தூருக்கு அலைந்து எழுதி வாங்கினார்.

மொகிலி காட்டில் வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டுதான் ஏறும். ஆனால் யாரையும் இறக்கிவிடவில்லை. 300 நாள் என்று போட்ட கணக்கு, மாம்பழ சீசன் நன்றாக இருந்ததால் அதற்கு முன்னாலேயே தீர்ந்தது. வளையல் திரும்பி வந்தது. நான் பி.காம். படித்தது, பேங்க் பரீட்சை எழுதியது எல்லாம் அந்த டக் டக் சத்தத்தில்தான்.

தப்பான இன்ஜினைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கம்பெனிகளே சாட்சி. 1985ல் சென்னை ஸ்டாண்டர்ட் கம்பெனி, இங்கிலாந்து ரோவர் காரின் அழகான பாடியை வாங்கி, அதற்குள் பழைய வேன்கார்டு கால 2 லிட்டர் இன்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்ட் 2000' என்று விற்றது. பார்க்க ராஜா, இழுவையில் சாதா. விலையோ அதிகம். இரண்டு மூன்று வருஷத்தில் அதன் கதை முடிந்தது. ஹிந்துஸ்தானின் கான்டெஸாவும் முதலில் அதே 1489 சி.சி.யோடு திணறியது. இசுசு இன்ஜின் வந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. அம்பாசிடருக்கும் 1990களில் இசுசு 1817 சி.சி. பெட்ரோலும், பிறகு 2 லிட்டர் டீசலும் கிடைத்தன. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தியே நின்றது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. கியூபாவில் 1950களின் அமெரிக்க கார்களுக்குள் ரஷ்ய இன்ஜின்களையும் டீசல் இன்ஜின்களையும் வைத்து ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். இலங்கையில் 2020ல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பிப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருஷம் பழைய வண்டிக்கு ரீகண்டிஷன் இன்ஜின் தேடியவர்களைப் பற்றி இங்கே என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர் கதை கதையாகச் சொல்வார். புது வண்டி எட்டாத இடத்திலெல்லாம் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள்.

சரி, தம்பிக்கு என்ன பதில் சொன்னேன்?

அவனுக்கு ஆசை, அதே பி.எம்.சி. டீசல் இன்ஜின் இன்னொன்று தேடி வைக்க வேண்டும் என்று. "நைனா சத்தம்ணா அது" என்றான். எனக்கும் ஆசைதான். ஆனால் நோட்டை எடுத்து, நைனா போட்ட கணக்கையே திரும்பப் போட்டேன். அன்று தினம் 80 கிலோமீட்டர். இன்று வருஷத்துக்கே ஆயிரம் தாண்டாது. அன்று பெட்ரோலில் பாதி விலை கூட டீசலுக்கு இல்லை. 2010ல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடும், 2014ல் டீசல் விலைக் கட்டுப்பாடும் போன பிறகு அந்த இடைவெளி ரொம்பவே சுருங்கிவிட்டது. கூடுதல் விலை கொடுத்து டீசல் வைத்தால் போட்ட பணம் நம் ஆயுசில் திரும்பாது. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணமும் முன்போல இல்லை. 15 வருஷம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது.

எலெக்ட்ரிக் கிட் வைக்கலாமே என்று என் பையன் சொன்னான். வருஷம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அந்த பேட்டரி விலையைத் தாங்க முடியாது. மறுபக்கம், 50 வருஷம் தாண்டி அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று 2021ல் தனி விதி வந்திருக்கிறது. எங்கள் வண்டி அந்த வயதை நெருங்குகிறது. கம்பெனியிலிருந்து அது வெளியே வந்தது 1489 சி.சி. பெட்ரோலோடு.

அதனால் பழைய பெட்ரோல் இன்ஜின்தான் என்று முடிவு செய்தேன். நைனா வழியில் கணக்குப் போட்டால், நைனா எடுத்த முடிவுக்கு நேர் எதிரான முடிவு வருகிறது. தம்பியிடம் மூன்று விஷயம் சொன்னேன். இன்ஜின் வாங்கும்போது பழைய வண்டியின் ஆர்.சி. நகலும் ரசீதும் கேட்டு வாங்கு. கம்ப்ரஷன் பார்க்காமல் பணம் கொடுக்காதே. பூட்டுவதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் அனுமதி கேள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "சரிண்ணா. ஆனா பழைய டீசல் இன்ஜின எடைக்குப் போட மாட்டேன், ஷெட்லயே ஓரமா வெச்சுக்கறேன்" என்றான்.

அதற்கு நான் கணக்குக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி இன்ஜின் மாற்றிய வண்டி இருந்திருக்கும். உங்கள் நைனா, அப்பா, மாமா யாராவது போட்ட கணக்கு நினைவிருந்தால் சொல்லுங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மொகிலி காட் வரை வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.